கலியாணம் குழப்பும் பதிவாளர்

எங்கள் பக்கத்தில் கலியாணம் எழுத வந்து, அந்தக் கலியாணத்தையே குழப்பிவிட்டுப் போகக்கூடிய ஒரே விவாகப் பதிவாளர் அவர்தான். பெயரை எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்த காலத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குத் துணிவு இருக்கவில்லை. நான் ‘அக்கா’ என்றேன். ஊர் ‘எழுத்தக்கா’ என்றது. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் இருந்தன. அவற்றில் இரண்டு என் மனைவி வைத்தவை, அதனால் அவற்றையும் விட்டுவிடுகிறேன்.

எங்களிடம் தாலி கட்டுவது ஒன்று, எழுத்து வேறொன்று. எழுத்து என்றால் நல்ல நாள் பார்த்து, பதிவாளரை வீட்டுக்கு அழைத்து, அவர் கொண்டுவரும் பெரிய புத்தகத்தில் மாப்பிள்ளை, பெண், இரண்டு சாட்சிகள் எல்லோரும் கையெழுத்து வைப்பது. பலகாரமும் உண்டு. அந்தப் புத்தகத்தையும் அக்காவையும் வீடு வீடாகக் கொண்டுபோனது என் ஓட்டோ. கொக்குவில் ரயில் கடவைக்குப் பக்கத்தில் நிற்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. வெட்கப்படுகிறவனுக்கு ஓட்டோ நல்ல தொழில். சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பிழைக்கலாம்.

அக்காவுக்குப் புருவம் இல்லை. ஒரு மயிர் கிடையாது. ஓட்டோவுக்குள் ஏறியதும் கைப்பையிலிருந்து கண்ணாடியையும் கறுப்புப் பென்சிலையும் எடுத்துப் புருவம் வரைவார். வீட்டிலேயே கீறிக்கொண்டு வரலாமே என்று நான் நினைப்பேன், கேட்கமாட்டேன். எங்கள் வீதிகளில் பள்ளத்துக்குக் குறைவில்லை. ஒருமுறை மானிப்பாய்ப் பக்கம் போகும்போது ஒரு குழியில் சில்லு இறங்கிவிட்டது. அன்றைக்கு அந்த எழுத்து முழுவதும் அக்காவின் ஒரு புருவம் ஆச்சரியப்பட்டுக்கொண்டும் மற்றது கோபப்பட்டுக்கொண்டும் இருந்தது. மாப்பிள்ளையின் தாய், தாம் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் மூன்று தரம் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பாத்தியே தம்பி," என்றார் திரும்பி வரும்போது, "நீ ஒழுங்கா ஓட்டாட்டிலும் நன்மைதான்."

முகம் வேறு ஆட்களைவிடக் கறுத்திருக்கும். வெயிலில் கறுத்த மாதிரி இல்லை, முழங்கை மடிப்பும் உள்ளங்கை ரேகையும்கூடக் கறுப்பு. கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்து, வெள்ளையாகப் பூத்திருக்கும். கைப்பையில் பென்சிலுக்குப் பக்கத்தில் கடதாசியில் சுற்றிய உப்புச் சரை ஒன்று. கல்லுப்பு. இனிப்புச் சாப்பிடுவது மாதிரி ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைப்பார். எழுத்து வீட்டில் பாயாசம் கொடுத்தால் அதற்குள்ளும் இரண்டு கல் போடுவார். பார்த்த கிழவிகள் பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

"முப்பது வயசுவரைக்கும் எனக்குப் பேயோட்டினவை," என்று தன் கதையை இப்படித்தான் தொடங்குவார். "வேப்பிலை, பிரம்பு, எலுமிச்சங்காய். பேய் போகேல்லை. ஓட்டின பூசாரி மேல்மாடி கட்டிப்போட்டார். பிறகு ஒருநாள் கந்தோரிலை வேலைக்கு நடுவிலை திண்டதெல்லாம் சத்தியெடுத்து விழுந்து, கொழும்புக்குக் கொண்டுபோனாப் பிறகுதான் ஒரு டாக்குத்தர் கண்டுபிடிச்சவர். என்ரை உடம்பை என்ரை உடம்பே தின்னுதாம். யாழ்ப்பாணத்து உடம்பு எண்டால் சும்மாவோ தம்பி? உள்ளுக்கையும் எல்லை வழக்கு."

தாயும் தகப்பனும் மச்சான், மச்சாள். பத்துப் பரப்புத் தோட்டக்காணி வெளியில் போகக்கூடாது என்று கட்டிவைத்தார்களாம். பிறந்தது இரண்டு. தம்பி சின்ன வயதில் போய்விட்டான். அக்காவுக்குக் கலியாணம் இல்லை. "காணி வெளியிலை போகேல்லை," என்பார். "பாதீனியம் முளைச்சு அங்கையே கிடக்குது."

இதனால்தான் அவருக்கு அந்தப் பழக்கம் வந்தது. எந்த எழுத்துக்குப் போனாலும், புத்தகத்தை விரிக்க முன்னம் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: "நீங்கள் ரெண்டு பேரும் என்ன முறை?"

வல்வெட்டித்துறையில் ஒரு வீடு. மாப்பிள்ளையின் தகப்பன் மூன்று படகுக்குச் சொந்தக்காரர். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"மாமன் மகள்தான் அம்மா. நாலு தலைமுறையா நாங்கள் வெளியிலை கை நீட்டேல்லை."

"நல்லது. வீட்டிலை ஆர் ஆருக்கு என்ன வருத்தம்?"

விறாந்தையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயற்றம் பணியாரத்தை மெல்வதை நிறுத்தினார்கள்.

"என்னம்மா, நல்ல காரியத்திலை வருத்தம் கிருத்தம் எண்டு?"

"குறிப்புப் பாத்தனியள்தானே? வானத்திலை கிடக்கிற செவ்வாயைப் பற்றிக் கேக்க உங்களுக்கு வெக்கமில்லை. வீட்டுக்கை கிடக்கிற வருத்தத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வெக்கமோ?"

மூலையில் இருந்த ஒரு கிழவர் உற்சாகமாக, "எங்கடை சின்னையாவுக்கு வலிப்பு வாறது..." என்று தொடங்கினார். இரண்டு பெண்கள் வந்து, கதிரையோடு சேர்த்து அவரைக் குசினிப் பக்கம் கொண்டுபோனார்கள். அன்று எழுத்து நடந்தது. எங்கள் தேநீரில் மட்டும் சீனி இருக்கவில்லை.

அக்கா குழப்பிய கலியாணங்கள் என்று ஊர் பெரிய பட்டியல் சொல்லும். நான் அறிய இரண்டுதான் நின்றன. அதிலும் ஒன்று, மாப்பிள்ளை வேறு ஒருத்தியோடு ஓடியதால் நின்றது. அதையும் அக்காவின் தலையில்தான் போட்டார்கள்.

மாதம் ஒருமுறை தெல்லிப்பழைக்குக் கிளினிக். அதற்கும் என் ஓட்டோதான். முதல் தடவை போன அன்றே கைப்பையைத் திறந்து ஒரு ஊசியையும் மருந்துக் குப்பியையும் நோயின் பெயர் எழுதிய ஒரு மட்டையையும் காட்டினார்.

"நான் சத்தியெடுத்து விழுந்தன் எண்டால் இந்த மட்டையைக் காட்டி, முதல் உந்த ஊசியைப் போடச் சொல்லு. பிறகு அழு. முறையை மாத்திப்போடாதை."

நான் தலையாட்டினேன். அதே நாள்தான் அவர் உப்புக்கல்லை நாக்கில் வைப்பதைப் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் முதன்முதல் கண்டேன். கண்டதும் பிரேக்கை மிதித்துவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை. ஆறு வருடம் கேட்கவில்லை.

அந்த ஆறாவது வருடம் என் மகளுக்கும் என் தங்கச்சியின் மகனுக்கும் கலியாணம் பேசி முடித்தோம். எனக்கும் தங்கச்சிக்கும் நடந்தது மாத்துக் கலியாணம். நான் ஒரு வீட்டில் பெண் எடுத்தேன், அதே வீட்டில் என் மனைவியின் அண்ணனுக்குத் தங்கச்சியைக் கொடுத்தோம். இரண்டு பக்கமும் சீதனம் இல்லை, இரண்டு பக்கமும் சந்தோசம். பக்கத்துப் பக்கத்து வளவில் இருந்தோம். மச்சான் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது பிள்ளைகளும் ஒன்றையொன்று விரும்பிவிட்டன. மாமன் மகள் என்றும் சரி, மாமி மகள் என்றும் சரி, எந்தப் பக்கத்தால் எண்ணினாலும் உரிமை. "நடுவேலியைப் பிடுங்கினால் ஒரே வளவு," என்று தங்கச்சிக்கு நிலத்தில் கால் படவில்லை.

எழுத்துக்கு வேறு பதிவாளரைச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள்: "இஞ்சருங்கோ, உங்கடை அந்த மனுசி மட்டும் இந்தப் படலையைத் திறக்கக்கூடாது."

படலையைத் திறக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. கிளினிக் முடிந்து வரும் வழியில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, அக்கா பின்னாலிருந்து கேட்டார்.

"உன்ரை மோளுக்கு எழுத்தாமே. எனக்குச் சொல்லேல்லை."

நான் வீதியைப் பார்த்தேன்.

"சரி, சரி. வீட்டிலை அம்மையார் வேண்டாமெண்டிருப்பா. நான் கோவிக்கேல்லை. மாப்பிளை என்ன முறை?"

சொன்னேன். மாத்துக் கலியாணத்தையும் சொன்னேன். அக்கா விரல் மடித்து எண்ணுகிறார் என்று கண்ணாடியில் தெரிந்தது.

"தாய் வழியிலையும் மச்சான், தேப்பன் வழியிலையும் மச்சான். சவர்க்காரம் ஒண்டு வாங்கினால் ஒண்டு சும்மா குடுக்கிற மாதிரி. சரி, குடும்பத்திலை வருத்தம் ஏதும்?"

அந்தக் கேள்வியை அவர் நூறு வீடுகளில் கேட்டு, நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். என்னிடம் கேட்பார் என்று நினைத்ததில்லை.

"தங்கச்சிக்கு மூத்ததா ஒரு பெட்டை இருந்தது, அக்கா."

"இருந்தது எண்டால்?"

"ஏழு வயசிலை செத்துப்போச்சு. சண்டையாலை பாதை பூட்டிக்கிடந்த நேரம். காய்ச்சல் வந்து, ரெண்டு நாள் சத்தியெடுத்து..."

"என்ன வருத்தமெண்டவை?"

"தெரியாது. வாய் எப்பவும் வெள்ளையாக் கிடக்கும். கை விரலெல்லாம் குவிஞ்சு விறைக்கும். கறுத்துக்கொண்டு போனது." கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னேன். "உப்புத் தின்னும், அக்கா. சாடிக்குள்ளை கை விட்டுத் தின்னும்."

"ஓட்டோவை நிப்பாட்டு."

நிறுத்தினேன்.

"எத்தினை வருசமா என்னை ஏத்திறாய்?"

"ஆறு."

"ஆறு வருசமா நான் பின்னாலை இருந்து உப்பு நக்கிறதைக் கண்ணாடியிலை பாத்துக்கொண்டு வந்தனி. ஒருநாளும் வாய் திறக்கேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது."

"உன்ரை வெக்கத்திலை நெருப்பைக் கொளுத்த!"

அவர் இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில், வீதிக்கரையில் நின்றார். நான் கைப்பிடியை விடவில்லை. கோபத்தில் பென்சில் புருவம் வியர்வையோடு கரைந்து வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

"கேள்," என்றார். "உன்ரை வீட்டு நாய் உன்ரை மச்சானை எத்தினை தரம் கடிச்சது?"

மூன்று தரம். பக்கத்து வளவில் இருந்து தினமும் வந்துபோகிற மனிதரை அது விடாமல் கடித்தது ஊருக்கே தெரிந்த பகிடி.

"ஏன் கடிச்சது?"

"அது குட்டியா இருக்கேக்கை அவர் சவுதியிலை நிண்டவர். நாய்க்கு அவரைக் காட்டேல்லை."

"அவ்வளவுதான். நெஞ்செலும்புக்குப் பின்னாலை தைமஸ் எண்டு ஒரு சின்னச் சதை இருக்கு. உடம்பைக் காக்கிற நாயளைக் குட்டியிலை அங்கைதான் வளக்கிறது. அங்கை ஒரு புரதம் இருக்கு. அதுக்கு ஒரே வேலைதான். வீட்டாக்கள் எல்லாற்றை மணத்தையும் கொண்டுவந்து குட்டியளுக்குக் காட்டிறது. இது ஈரல், இது கழுத்துச் சுரப்பி, இது சிறுநீரகத்துக்கு மேலை கிடக்கிற சுரப்பி. மணந்தவுடனை உறுமிற குட்டியளை அங்கையே முடிச்சுப்போடும். மிச்சம்தான் வெளியிலை வரும். எனக்கு அந்தப் புரதம் சரியாப் பிறக்கேல்லை. வீட்டாக்களைக் காட்ட ஆளில்லை. எல்லா நாயும் வெளியிலை வந்திட்டுது. ஒண்டு ஒண்டாக் கடிச்சுத் திண்டிட்டுதுகள். சிறுநீரகத்துக்கு மேலை கிடக்கிற சுரப்பி போச்சு, உடம்பிலை உப்பு நிக்காது. கழுத்துக்கை கிடக்கிற இன்னொண்டு போச்சு, கை விறைக்கும். புருவத்தையும் விட்டுவைக்கேல்லை, கோதாரி."

"ஏன் அந்தப் புரதம் சரியாப் பிறக்கேல்லை?"

எனக்கே ஆச்சரியம், நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.

"அதைச் செய்யிற முறை எழுதின கொப்பி ரெண்டு இருக்கும். தாய் தந்தது ஒண்டு, தேப்பன் தந்தது ஒண்டு. ஒண்டிலை ஒரு எழுத்துப் பிழைச்சாலும் பறவாயில்லை, மற்றதைப் பாத்து உடம்பு செய்துகொள்ளும். ஆளுக்கு ஒண்டும் தெரியாது, குண்டுக்கல்லு மாதிரி இருப்பான். ரெண்டிலையும் பிழையெண்டால்தான் கரைச்சல். என்ரை கொப்பியிலை நடுவிலை ஒரு எழுத்து மாறி, ‘இதோடை முடிஞ்சுது’ எண்டு கிடக்கு. அதை நம்பி உடம்பு புரதத்தை அரைவாசியிலை விட்டிட்டுது. அரைவாசிப் புரதம் ஒண்டுக்கும் உதவாது."

"ரெண்டு கொப்பியிலையும் எப்பிடி அதே பிழை?"

"ஒரே பூட்டன்ரை கொப்பியைப் பாத்து எழுதினதடா! அம்மாவும் அப்பாவும் ஒரே பூட்டன்ரை பேரப்பிள்ளையள். வெளியிலை இருந்து ஒரு கொப்பி வந்திருந்தால் பிழை ஒளிச்சுக்கொண்டு கிடந்திருக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்துப்போன பிள்ளைக்கும் இதே நோய் என்றால், தங்கச்சியிடம் ஒரு பிழைக் கொப்பி, மச்சானிடம் ஒன்று. தங்கச்சியிடம் இருப்பது என்னிடமும் இருக்கலாம். மச்சானிடம் இருந்தது அவர் தங்கையான என் மனைவியிடமும் இருக்கலாம். எங்கள் இருவருக்கும் பிறந்தவள்தான் இப்போது தங்கச்சி மகனைக் கட்டப்போகிறவள். வெங்காயத் தோட்டத்துக்கு யாரோ இயந்திரத்தால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதுக்குள் வெகுநேரம் கிடந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா எங்கள் படலையைத் திறந்தார். கூட்டிவந்தவன் நான்தான். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. தங்கச்சி முற்றத்திலேயே மறித்தாள்.

"கலியாணத்தை நிப்பாட்டவோ வந்தனியள்?"

"அதுக்கு எனக்கு அதிகாரமில்லைப் பிள்ளை. ரெண்டு பேருக்கும் இரத்தம் குத்திப் பாக்கச் சொல்ல வந்தனான். குத்திப்போட்டுக் கட்டட்டும்."

"என்ரை பிள்ளையின்ரை இரத்தத்துக்கு என்ன குறை?"

அக்கா சுற்றி வளைக்கவில்லை. அவருக்கு அது தெரியாது. கைப்பையைத் திறந்து உப்புச் சரையை எடுத்து, ஒரு கல்லைத் தங்கச்சி கண் முன்னாலேயே வாயில் போட்டார். பிறகு கையை நீட்டி உள்ளங்கையின் கறுத்த ரேகைகளைக் காட்டினார். கடைவாயின் வெள்ளையைக் காட்டினார்.

"இப்பிடியோ இருந்தவள்?"

தங்கச்சி முற்றத்தில் குந்திவிட்டாள். மனைவி ஓடிவந்து பிடித்தாள். "மச்சாள், மச்சாள்" என்று அவளும் அழத் தொடங்கினாள். நான் ஓட்டோவின் முன் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தால் தங்கச்சி நிமிர்ந்தாள். "நான் உப்புச் சாடியை ஒளிச்சு வைச்சனான்," என்றாள். "உப்புத் திண்டால் இரத்தம் முறியுமெண்டு சனம் சொன்னது. ஏறிப் பரணிலை வைச்சனான். அடிச்சுமிருக்கிறன். சொல்லுங்கோ, அதாலையோ என்ரை பிள்ளை போனது?"

நூறு வீடுகளில் நான் பார்த்த அக்கா, கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னதே இல்லை. அன்று யோசித்தார்.

"இல்லை," என்றார். "ஊசி மருந்துதான் காப்பாத்தியிருக்கும். அந்த நேரம் உங்களிட்டை அது இல்லை. என்ன வருத்தமெண்டு தெரிஞ்ச ஆளும் இல்லை. சாடி நிறைய உப்பைக் குடுத்திருந்தாலும் போயிருக்கும்."

திரும்பிக் கொண்டுபோய் விடும்போது கேட்டேன்: "அது உண்மையோ அக்கா?"

"உண்மைதான். உப்புக் கிடைச்சிருந்தால் பிள்ளை கொஞ்சம் சுகமா இருந்திருக்கும். அதுவும் உண்மைதான். உன்ரை தங்கச்சி அதைக் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை. நீயும் பொத்திக்கொண்டிரு. உனக்கு அது கைவந்த கலைதானே."

இரத்தம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ கடல் கடந்து போய், கிழமைக் கணக்காகப் பதில் வரவில்லை. அந்த இடைவெளியில் எழுத்து நாள் கடந்துபோனது. மற்றப் பதிவாளரை வரவேண்டாம் என்று சொன்னோம். அக்கா குழப்பிய கலியாணங்களின் பட்டியலில் ஊர் எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொண்டது. கடவையடியில் நிற்கும் மற்ற ஓட்டோக்காரர்கள், "என்ன அண்ணை, வீட்டுக்கையே வெடி வைச்சிட்டாவோ?" என்று கேட்டார்கள்.

பதில் வந்தது. இரண்டு பிள்ளைகளிடமும் ஆளுக்கு ஒரு பிழைக் கொப்பி. இருவருக்கும் நோய் இல்லை, வரவும் வராது. ஆனால் இவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நாலில் ஒரு பங்கு, இரண்டு கொப்பியும் பிழையாகக் கிடைக்கலாம். ஒன்று தப்பினால் அடுத்ததற்குக் கணக்குக் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக அதே நாலில் ஒன்று. இரண்டு பேரிடமும் அதே இடத்தில் அதே எழுத்துத்தான் பிழைத்திருந்தது, அக்காவிடமும் அதேதான்.

"அப்ப நீ எனக்குச் சொந்தக்காரனடா," என்றார் அக்கா. "எங்கையோ ஒரு பூட்டன் பொது. பயப்பிடாதை, பங்கு கேட்டு வரமாட்டன்."

இனி நடந்ததைச் சொன்னால்தான் அந்த மனுசி யார் என்று விளங்கும். மகளும் மருமகனும் சேர்ந்து டாக்டரிடம் போய்க் கதைத்துவிட்டு வந்து, "நாங்கள் கட்டப்போறம்" என்றார்கள். எழுத்துக்கு அக்காவைத் தாங்களே கூப்பிட்டார்கள். நடுவேலியைப் பிடுங்க நாள் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி இப்போது தலைகீழாக நின்றாள். எழுத்தன்று காலை அக்கா வந்து, மேசையில் புத்தகத்தை வைக்க முன்னமே அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"சட்டத்திலை இடமில்லையெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் பிள்ளையள் கேக்குங்கள்."

"சட்டத்திலை இடம் இருக்குப் பிள்ளை."

"ஒரு பொய் சொல்லக்கூடாதோ? எத்தினை வீட்டிலை குழப்பினனியள்! இந்த ஒரு வீட்டிலை குழப்பிவிடுங்கோ. இன்னொண்டைக் கிடத்த என்னாலை ஏலாது."

மனைவியும் அக்காவைக் கும்பிட்டாள். படலைக்குள்ளே விடக்கூடாது என்றவள்! மருமகன் கதிரையை விட்டு எழுந்துவிட்டான். மகள் அசையவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லுங்கோ அப்பா என்று அந்தக் கண் கேட்டது. நான் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தார்.

"வாழ்நாள் முழுக்கக் குழப்பி எண்டு பேர் கேட்டனான்," என்றார். "குழப்பச் சொல்லி ஒரு வீட்டிலை கும்பிட்டது இண்டைக்குத்தான். எனக்கே பெருமையாக் கிடக்கு. ஆனால் பிள்ளை, நான் ஒருத்தரையும் கட்டாதை எண்டு சொன்னதில்லை. தெரிஞ்சு கட்டு எண்டு மட்டும்தான் சொன்னனான். என்ரை அம்மாவும் அப்பாவும் தெரியாமல் கட்டினவை. உதுகள் தெரிஞ்சு கட்டுதுகள். எனக்கு இது போதும்."

"வந்தால்?" என்றாள் தங்கச்சி.

"வந்தால், பிறந்த கிழமையே இரத்தத்திலை தெரியும். குளிசை இருக்கு. ஊசி இருக்கு. எந்தக் காய்ச்சலுக்கு எத்தினை குளிசை எண்டு பாடமாக்கிப்போட வேண்டியதுதான். பேயோட்டத் தேவையில்லை. லேசான சீவியமெண்டு சொல்லமாட்டன், பொய். ஆனால் சீவியம்தான். என்னைப் பாருங்கோ, நான் செத்தே போனன்?"

தங்கச்சி அவரைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவரை யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. எல்லோரும் அவர் முகத்தில் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குக் கண்ணைத் திருப்பிவிடுவார்கள். இவள் நெற்றியில் தொடங்கி, கறுத்த கன்னம், வெடித்த வாய், கழுத்து என்று, பிள்ளையைக் குளிக்க வார்த்துவிட்டுப் பார்க்கிற மாதிரி, ஆறுதலாகப் பார்த்தாள்.

"இருந்திருந்தால் உங்களைப் போலையோ இருந்திருப்பாள்?"

அக்கா பேனையின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சீ," என்றார் அக்கா. "என்னைவிட எவ்வளவோ வடிவா இருந்திருப்பாள். வாய் மட்டும் இப்பிடித்தான் இருந்திருக்கும். உங்கடை குடும்பத்திலை அண்ணையைத் தவிர மற்றதெல்லாம் வாய்தானே."

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையோடு கலந்து, மூக்கால் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மருமகன் மெல்ல மறுபடி உட்கார்ந்தான். மகளும் அவனும் கையெழுத்து வைத்தார்கள். முதல் சாட்சி நான். என் பெயரை எழுத எனக்கு எப்போதும் நேரம் எடுக்கும், அன்று இன்னும் கூடுதலாக எடுத்தது.

இரண்டாம் சாட்சிக்கு என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் பேனையோடு தயாராக எழும்பினார். அக்கா புத்தகத்தின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"நீங்கள் இருங்கோ ஐயா. பலகாரம் சாப்பிடுங்கோ."

கையை எடுக்கவில்லை. ஒருவரையும் பார்க்கவும் இல்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஐயருக்குத் தொலைபேசி எடுக்கவா என்று இன்னொருவர் கேட்டார். அக்கா அசையவில்லை. எனக்கு அந்த நேரம் வாய் திறந்தது. எப்படித் திறந்தது என்று தெரியாது.

"தங்கச்சி," என்றேன். "வா."

அவள் வந்தாள். கதிரையில் இருக்காமல், மேசைக்குக் குனிந்து நின்றபடி பேனையை வாங்கினாள்.

"எங்கை போடுறது?"

"இஞ்சை," என்றார் அக்கா, கையை எடுத்து. "அண்ணைக்குக் கீழை."